நடுக்குவாதம்: இரவையும் விசாரியுங்கள்

நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து கையும் காலும் பாடுபடுகின்றன. 1817இல் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறுநூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவைத்தார். ஒன்று, நோயாளியின் தூக்கம் கெடுகிறது. மற்றொன்று, அறிவுக்குச் சேதமில்லை. முதலாவது சரி, இரண்டாவது தவறு. மருத்துவ உலகமோ சரியானதை மறந்துவிட்டுத் தவறானதை நெடுங்காலம் நம்பியது. கெட்ட தூக்கமும் தளரும் அறிவும் உறவுக்காரர்கள் என்பது இப்போதுதான் துலங்கிவருகிறது.

சிட்னியில் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அதுவரை உயிரோடிருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் தளர்வது பழைய நினைவுகள் அல்ல. கவனமும் திட்டமிடலும் இடத்தைக் கணிக்கும் திறனும்தான். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னால், எண்கள் ஒரு பக்கமாக நெருக்கியடித்து நிற்கும். முள் இரண்டுக்குப் போகாமல் பத்திலேயே நின்றுவிடும். இனி இரவைப் பார்ப்போம். கனவு காணும் நேரத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்ந்தவர், கனவில் துரத்தும் நாயை உதைப்பதாக நினைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரை உதைக்கிறார். 1986இல் மினியாபொலிஸைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் ஆகியோர் இதை ஒரு தனிக் கோளாறாக விவரித்தார்கள். இந்தக் கோளாறு மட்டுமே இருந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பின்னர் பார்க்கின்சன் வகை நோய் வந்ததை 1996இல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளிலும், இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கே சிந்தனைத் திறன் விரைவாகச் சரிகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

"மூளைத்தண்டைத் தாக்கும் அதே ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தின் படிவுதான் பிறகு அறிவையும் தாக்குகிறது, தூக்கத்தைச் சரிசெய்து என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாளிகளுக்குக் காற்றழுத்தக் கருவி பொருத்தியபோது பகல் தூக்கம் குறைந்தது. அறிவுத் தேர்வு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆகவே நன்றாகத் தூங்கினால் டிமென்ஷியா வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் காரணமாக இல்லாவிட்டாலும் கெட்ட தூக்கம் முன்னறிவிப்பாக இருக்கிறது. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது. பகலெல்லாம் கண் சொருகுபவரின் கவனம் சிதறுவதற்கு நோயின் முற்றலை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல.

"வயதானால் யாருக்கும் தூக்கம் கெடும்தானே?" என்பது அடுத்த சமாதானம். மருந்தின் வேகம் இறங்கிப் புரண்டு படுக்க முடியாமை, அடிக்கடி சிறுநீர், மூச்சுத்தடை, மனச்சோர்வு என இரவைக் கெடுப்பவை பல. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் முதுமைக் கணக்கில் எழுதிவிட்டு மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த மாத்திரைகளில் சில காலையிலும் மந்தத்தை நீட்டும், கீழே விழவைக்கும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மருந்தும் முதியவர்களின் நினைவாற்றலைக் குழப்பக்கூடியது. ஆனாலும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, இரவில் உடன் படுப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். உதைத்ததும் கத்தியதும் நோயாளிக்குப் பல நேரம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.