குழவி நின்றது, கல் சுழன்றது

நம் வீடுகளை அதிகம் மாற்றிய இயந்திரம் எது என்று கேட்டால் பலரும் செல்போன் என்பார்கள். நான் கிரைண்டர் என்பேன். என் வீட்டுப் பெண்களின் தோள்வலியும் இடுப்புவலியும் எனக்குத் தெரியும்.

அம்மாயிக்கு ஆட்டுக்கல்தான். அவினாசிப் பக்கம் ஓட்டு வீடு. பின்வாசலில் கல்லைப் பாதி மண்ணில் புதைத்திருந்தார்கள். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இடக்கையால் மாவைத் தள்ளிவிடுவார். கை பிசகினால் விரல் நசுங்கும். முதலில் உளுந்து கல்லோடு ஒட்டிக்கொண்டு கனக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால்தான் வெளுத்துப் பொங்கி வரும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால் பதம் வந்துவிட்டது என்று வழித்தெடுப்பார். அதற்குப் பிறகு அரிசி. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான் இட்லி என்று எங்கள் வீட்டில் இருந்ததற்கு அரிசி விலை மட்டுமா காரணம்? அந்த உழைப்பும்தான்.

1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கூடவே மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகளும். இயந்திரம் பழகிய அந்த ஊரில்தான் 1955இல் பி.சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிட்டார்கள். கல்லை மட்டும் மாற்றவில்லை. சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. மிக்சியின் பிளேடு அதிவேகமாகச் சுழல்வதால் மாவு சூடேறும். கல் மெதுவாகச் சுற்றும்போது சூடு அதிகம் ஏறாது. உளுந்துக்குள் காற்றும் நன்றாகச் சேரும். கிரைண்டர் மாவில் இட்லி பூப்போல வருவதற்கு இதுதான் காரணம். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல் இதற்குப் பேர்போனது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அம்மா காலத்தில் டில்டிங் கிரைண்டர் வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு எனக்குத் தலை பின்னிவிடுவார். பனியன் கம்பெனிக்குச் சாப்பாடு கட்டுவார். மாவு ஆட்டும் நாளிலும் வேலைக்குப் போக முடிந்தது. ஆனால், ஆட்டும் வேலை போனதே தவிர, கழுவும் வேலை போகவில்லை. கனத்த குழவியைத் தூக்கி வைத்துக் கழுவுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. டேபிள் டாப் வந்த பிறகும் என் வீட்டில் அது என் வேலையாகத்தான் இருந்தது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்று பேசியவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படிப் பேசியவர்களில் எத்தனை பேர் குழவி பிடித்திருப்பார்கள்? மேல்சாதி, கீழ்சாதி, குடிசை, மாடி என்று பார்க்காமல் எல்லோருக்கும் வலிக்கிற தோள்தானே அது! அடுத்த ஆண்டு மின்வெட்டு கடுமையாக இருந்தது. கரண்ட் எப்போது வருமென்று பார்த்து அரிசி ஊறப்போட்டார்கள். பாதி ஆட்டும்போது கரண்ட் போய், அரைகுறை மாவை மிக்சியில் போட்டு ஓட்டக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்த வீடுகளும் உண்டு.

எங்கள் தெருவில் ஓர் அம்மா அந்த அரசு கிரைண்டரிலேயே மாவு ஆட்டி அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்கினார். சின்ன இயந்திரம் என்பதால் விடியற்காலையிலிருந்து ஈடு ஈடாக ஓட்டுவார். பிறகு சேர்த்த பணத்தில் பெரிய கிரைண்டர் வாங்கினார். இப்போது மூன்று மளிகைக் கடைக்கு மாவு போடுகிறார். ஆபீஸ் விட்டு வரும் வழியில் என் மகள் வாங்கி வருவது அவர் மாவைத்தான். கோடையில் சீக்கிரம் புளித்துவிடும், வாங்கியதும் பிரிட்ஜில் வை கண்ணு என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுப்பார்.