தில்லிக் குளிரும் இட்லி மாவும்

தமிழகத்தை விட்டுத் தலைநகரில் குடியேறிய குடும்பத்தார் முதல் மார்கழியிலேயே ஒரு பாடம் கற்கின்றனர். ஊரில் மாலையில் அரைத்து மூடிவைத்த இட்லி மாவு, விடியற்காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து நிற்கும். தில்லியிலோ அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு; ஆயினும் மாவு வைத்தது வைத்தபடியே கிடக்கும். அதனை வேகவைத்தால் கிடைப்பது இட்லியன்று, வெள்ளைக் கல்.

நம் அன்னையார் தஞ்சையிலிருந்து வந்து நம்முடன் தங்கிய முதற் குளிர்காலத்தில் இவ்வாறே நேர்ந்தது. ஐம்பதாண்டுக் காலம் இட்லி வார்த்த கை அது. மூன்று நாள் தொடர்ந்து மாவு பொங்காது போகவே, "என் கைப்பக்குவம் ஊரிலேயே நின்றுவிட்டது; என்னை ரயிலேற்றி விடப்பா" என்றார். அது விளையாட்டாகச் சொன்ன சொல்லன்று. பிழை அவர் கையில் இல்லை என்று ஆறுதல் கூறினால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறதென்று காட்டவும் வேண்டியிருந்தது. அதன்பொருட்டு நாம் தேடி அறிந்தவற்றை நேயர்களுடன் இன்று பகிர்ந்துகொள்வோம்.

மாவு தானாகப் பொங்குவதில்லை. அதனைப் பொங்கச் செய்பவை நுண்ணுயிர்கள். உளுந்தின்மீது இயற்கையாகவே ஒட்டியிருக்கும் லியூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் தருகின்றன. அரைத்த உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. மாவு உப்புவதும் இட்லி பஞ்சு போலாவதும் இதனாலேயே. இந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்புடன் உழைப்பதற்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும். குளிர் மிகுந்தால் அவை மடிவதில்லை, சோம்பிக் கிடக்கின்றன. குளிர்ப்பெட்டியில் வைத்த மாவு பல நாள் கெடாதிருப்பதும் இக்காரணம் பற்றியே. தில்லியின் சனவரி இரவில் சமையலறை முழுவதுமே ஒரு குளிர்ப்பெட்டியாகி விடுகிறது.

சென்னையில் சனவரி மாத இரவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி. தில்லியில் அது 7 டிகிரியை ஒட்டியது. இந்த வேறுபாடு ஏன்? சென்னைக்கு அருகே கடல் உண்டு. நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. ஆதலின் கரையோர ஊர்களைக் கடல் ஒரு போர்வை போலக் காக்கின்றது. தில்லியோ கடலுக்கு வெகு தொலைவில், வடக்கே தள்ளி அமைந்த நிலம். பகலில் பெற்ற வெப்பத்தை, மேகமற்ற நீண்ட இரவில் அந்நிலம் வானுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிளம்பி மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இமயத்தில் பனியையும் சமவெளியில் சிறு மழையையும் பெய்வித்துக் கடந்தபின், வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசுகிறது. காற்று அடங்கிய நாள்களில் தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால் பனி எளிதில் கலைவதில்லை.

இவ்வளவையும் நாம் எடுத்துரைத்தபோது அன்னையார் பொறுமையுடன் கேட்டார். பின்னர், "சரி, நாளைக்கு என்ன செய்வது?" என்றார். விடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கு வாழ்ந்த பஞ்சாபி மூதாட்டி இட்லி வார்த்து அறியாதவர். ஆயினும், குளிர்காலத்தில் தயிருக்கு உறை ஊற்றிய பானையைக் கம்பளியில் சுற்றிக் கோதுமை மாவு டப்பாவினுள் வைப்பது அவர் வழக்கம். தயிருக்கு ஆவது மாவுக்கும் ஆகும் என்று கைச்சாடையால் அவர் சொல்ல, நம் அன்னையார் மறுநாளே செய்து பார்த்தார். மாவு பொங்கிற்று. ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் அன்று காலை அந்த வீட்டிற்கு ஒரு தட்டு இட்லி சென்றது.

குளிர்காலத்திற்கு நாம் கைக்கொள்ளும் முறைகள் இவை: அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம், உளுந்துடன் சிறிது வெந்தயம் சேர்த்தால் வழவழப்புக் கூடும். பழைய மாவில் இரண்டு கரண்டி கலக்கலாம். உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைப்பது. ஆகவே, குளிரில் மாவு பொங்கிய பின்னரும், கோடையில் அரைத்தவுடனும் உப்பிடுவது நன்று. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, எட்டு மணிக்குப் பதில் பதினைந்து, பதினாறு மணி நேரம் விட்டுவைக்கவேண்டும். சூடான அடுப்பின்மேல் மட்டும் வைத்தலாகாது. மிகுந்த வெப்பம் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதற்கும் பொறுமையில்லாத நாளில் அடை இருக்கவே இருக்கிறது; அது புளிக்கக் காத்திருப்பதில்லை.

பருவம் மாறினால் கணக்கும் மாறுகிறது. மே மாதத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்பொழுது, அதே மாவு சில மணி நேரத்தில் புளித்துப் பொங்கி வழியும். ஆனால் 'லூ' எனப்படும் அந்த உலர்ந்த அனற்காற்றே வற்றலுக்கும் வடகத்துக்கும் வரமாகும். புழுதிப் புயலிலிருந்து காக்க மெல்லிய துணி மட்டும் போர்த்தினால், ஊரில் பல நாள் காய்வது இங்கே ஓரிரு நாளில் காய்ந்துவிடும். கிருஷ்ண ஜயந்தி முறுக்கோ மழைக்காலத்தின் ஈரத்தில் அகப்பட்டு விரைவில் நமத்துப் போகும்; அதனைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்கவேண்டும். தீபாவளியில் இதற்கு நேர்மாறு. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பட்டாசை நனைக்கும் நாள்களில், தில்லியின் மழைக்காலம் முடிந்து வானம் வறண்டிருக்கும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஐப்பசி அடைமழை என்பது பாட்டி சொல்லும் கதையாகவே இருக்கின்றது.

சமையலறை மட்டுமன்று, விளையாட்டுக் களமும் பருவத்திற்குக் கட்டுப்பட்டதே. முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951ஆம் ஆண்டு மார்ச்சு 4 முதல் 11 வரை தில்லியில் நடைபெற்றன; கால்பந்தில் இந்தியா ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றது அப்போதுதான். மீண்டும் 1982இல், நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை, ஆசியப் போட்டிகள் இங்கே நிகழ்ந்தன, பி. டி. உஷா 100, 200 மீட்டர் ஓட்டங்களில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். பொதுநல நாடுகளின் போட்டிகள் 2010ஆம் ஆண்டு அக்டோபர் 3 முதல் 14 வரை நடந்தன. மூன்றையும் ஒருசேர நோக்கினால் ஒன்று புலப்படும்: கோடையின் அனலும் மழையும் சனவரியின் மூடுபனியும் விலக்கப்பட்டுள்ளன. சேப்பாக்கத்திலோ சனவரியே நல்ல மாதம். பொங்கலை ஒட்டிய டெஸ்ட் பந்தயம் அங்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1988 சனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியரின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தியதும் அங்கேதான்.

பொங்கல் என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்திய நாள் மாலை பஞ்சாபியர் நெருப்பு மூட்டி லோஹ்ரி கொண்டாடுவர். எள்ளும் வெல்லமும் கலந்த ரேவடியும் கஜக்கும் வழங்குவர். நம் எள்ளுருண்டைக்கு அவை உறவு முறை. குளிர்நாளில் உடலுக்கு எண்ணெய்ச் சத்தும் இனிப்பும் வேண்டும் என்பதை இரு நாட்டுப் பாட்டிமாரும் தனித்தனியே அறிந்திருக்கின்றனர்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பலர், ஊர்ச்சுவை கைவிட்டுப் போயிற்றென்று வருந்துவதுண்டு. சுவை எங்கும் போவதில்லை. ஊரில் வானிலை நமக்காகச் செய்துகொடுத்த வேலையை இங்கே நாமே செய்யவேண்டியிருக்கிறது, அவ்வளவே. அந்தந்த மண்ணின் குளிரையும் வெப்பத்தையும் நன்கறிந்தவர்கள் அண்டை வீட்டார். அவர்களைக் கேட்பதில் இழுக்கில்லை. நம் அன்னையார் அதன்பின் ஆறு குளிர்காலங்கள் நம்முடன் இருந்தார். ரயிலேற்றி விடும்படி மறுமுறை அவர் கேட்கவில்லை. அவருடைய பழுப்பு நிறக் கம்பளி இன்றும் மார்கழி பிறந்ததும் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது, மாவுப் பாத்திரத்திற்கென்றே.