குளியல் தளம்: குளியலறைப் புதுப்பிப்பில் தேர்வு

குளியல் தளம் என்பது குளிக்கும்போது விழும் நீரைத் தாங்கி, அதை வடிகாலுக்குள் அனுப்பும் தரைப்பகுதி ஆகும். பழைய குளியலறையைப் புதுப்பிக்கும் வீடுகளில் முதலில் டைல்ஸின் நிறம் முடிவாகிறது. தளத்தைப் பற்றிய பேச்சு கொத்தனார் வந்த பிறகுதான் எழுகிறது. இந்த வரிசை தலைகீழானது. நிறம் பிடிக்காமல் போனால் மனக்குறையோடு முடிந்துவிடும். தளத்தில் நேரும் பிழை வெளியே தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அப்போதும் அது பெரும்பாலும் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டாகவோ, அடுத்த அறைச் சுவரில் ஓதமாகவோதான் தெரியும். அதைச் சரிசெய்ய, ஒட்டிய டைல்ஸ் முழுவதையும் உடைக்க வேண்டும்.

இருவகைக் குளியலறைகள்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளியலறையின் ஒரு மூலை மட்டுமே நனையும். மற்றப் பகுதி உலர்ந்திருக்கும். அங்கே குளியல் தளம் என்றால், விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை மூலையில் பதித்து, சுற்றிலும் கண்ணாடியோ திரையோ அமைப்பதாகும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழக்கம் வேறு. வாளியில் நீர் நிரப்பி மொண்டு ஊற்றிக் குளிப்பது, அங்கேயே துணி அலசுவது, தரையில் நீரை வீசிக் கழுவுவது என அறை முழுவதும் நனையும். ஆகவே இங்கு அறையின் மொத்தத் தரையும் குளியல் தளமே.

வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்துத் தட்டு வாங்குவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. 90 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஒரு வாளியும் குளிப்பவரும் சேர்ந்து நிற்பது கடினம். தட்டுக்கு வெளியே தெறிக்கும் நீருக்கு வழியும் இருக்காது. கண்ணாடித் தடுப்பு வைத்து ஈரப்பகுதியைப் பிரித்து, வீட்டார் அனைவரும் ஷவரில் மட்டுமே குளிப்பதாக இருந்தால் தட்டு பொருந்தும். வீட்டில் ஒருவரேனும் வாளியில் குளிப்பவர் என்றால் கட்டித் தளமே ஏற்றது.

வார்ப்புத் தட்டு

ஆலையில் ஒரே துண்டாக வார்க்கப்படும் தட்டில் இணைப்பு எதுவும் இல்லை. வடிகாலை நோக்கிய சரிவும் அதிலேயே அமைந்திருக்கும். கண்ணாடியிழை வலுவூட்டிய அக்ரிலிக் தட்டு எடை குறைந்தது, விலையும் குறைவு. கல்தூளும் பிசினும் கலந்து வார்த்தது கனமானது. மிதித்தால் அசையாது, ஓசையும் எழாது. எனாமல் பூசிய எஃகுத் தட்டு கீறலைத் தாங்கும். கனமான பொருள் விழுந்தால் பூச்சு சில்லாகப் பெயரும்.

அக்ரிலிக் தட்டு விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் பொருளைவிடப் பதித்த முறையே காரணம். அடியில் வெற்றிடம் இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் தட்டு வளைந்து நிமிரும். நாளடைவில் வடிகால் இணைப்பு தளர்ந்து, நீர் அடியில் இறங்கும். தயாரிப்பாளர் கால் கொடுத்திருந்தால் அந்த முறைப்படியும், இல்லையெனில் தட்டின் அடி முழுவதும் படியுமாறு கலவை இட்டும் அமர்த்த வேண்டும். இன்னொரு கேள்வி பழுது பற்றியது. தட்டுக்குக் கீழே இருக்கும் பொறியை எட்ட மேலிருந்து வழி உண்டா என்பதைப் பதிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரு முடிக்கற்றை அடைத்தால்கூடத் தட்டைப் பெயர்க்க நேரிடும்.

கட்டித் தளமும் அதன் அடியும்

தமிழக அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் குளியலறைக்குக் கீழுள்ள கான்கிரீட் தளம், மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போடப்பட்டிருக்கும். சன்கன் ஸ்லாப் எனப்படும் இந்தப் பள்ளத்தில் குழாய்களைப் படுக்க வைத்து, செங்கல் உடைசலும் கலவையும் கொண்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். குழாய்கள் கீழ்வீட்டுக் கூரையில் தெரியாமல் மறைவது இதன் வசதி.

இதன் தீமையும் அந்த நிரப்பில்தான் இருக்கிறது. செங்கல் உடைசல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்குகள் வழியே நாள்தோறும் சிறிதளவு நீர் இறங்கினாலும் பள்ளம் ஊறிக்கொண்டே இருக்கும். தளத்தின் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, கீழ்வீட்டுக் கூரையின் பூச்சைத் தள்ளும். எடையும் சிறியதன்று. 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள பள்ளத்தை உடைசலால் நிரப்பினால் அது ஏறத்தாழ ஒரு டன் வரும். நீர் ஊறினால் இன்னும் கூடும்.

டைல்ஸும், இடையே பூசப்படும் சிமெண்டும் நீரைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. டைல்ஸ் தடுக்கும், சாதாரண சிமெண்டு இடுக்குப் பூச்சு முழுமையாகத் தடுக்காது. நீரைத் தடுக்கும் வேலை டைல்ஸுக்குக் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியாத நீர்த்தடுப்புப் படலத்தினுடையது. பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று என்று இரண்டு கை பூச வேண்டும். பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஓரடியாவது ஏற வேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் ஆளுயரத்துக்கு ஏற வேண்டும். தாழ்தளத்தில் இந்தப் பூச்சு இரண்டு இடங்களில் தேவை: பள்ளத்தின் அடியில் ஒருமுறை, நிரப்பிய பிறகு மேற்பரப்பில் ஒருமுறை. செலவைக் குறைக்க இரண்டில் ஒன்றை விடுவது, புதுப்பிப்பு வேலைகளில் மிகுதியாகக் காணப்படும் சிக்கனம். அதுவே மிகுந்த செலவு வைப்பதும்.

கசிவு நடுத்தரையில் தொடங்குவது குறைவு. தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடம், வடிகால் பொறியின் விளிம்பு ஆகிய மூன்றும்தான் பலவீனமான இடங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து சிறு குழாய் ஒன்றை வெளிச்சுவருக்கோ குழாய்க் கூண்டுக்கோ எடுத்து வைப்பது நல்ல ஏற்பாடு. இறங்கும் நீர் தேங்காமல் வெளியேறும். அதைவிட, அந்தக் குழாயில் நீர் சொட்டத் தொடங்கினால் மேல் படலம் பழுதாகிவிட்டது என்பது கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வாட்டம்

நீர் தானாக வடிகாலை அடைய வேண்டுமானால் தரை சரிந்திருக்க வேண்டும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பர். அமெரிக்கக் கட்டட விதிகளில் குளியல் தளத்தின் சரிவு ஓரடிக்குக் கால் அங்குலத்துக்குக் குறையாமலும் அரை அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று உள்ளது. இது ஏறத்தாழ நூற்றுக்கு 2 முதல் 4 வரை. இங்கு அறை முழுவதும் சரிவாக அமைவதால், மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வைக்கும் பழக்கம் உண்டு. ஒன்றுக்குக் குறைந்தால் சோப்பு நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். மிகுந்தால் நிற்கும்போது கணுக்கால் சாயும், முக்காலியும் ஆடும்.

இந்தச் சரிவுக்கு உயரம் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். வடிகாலிலிருந்து வாசற்படி 1.5 மீட்டர் தொலைவில் இருந்தால், நூற்றுக்கு 2 என்ற சரிவுக்கு 3 சென்டிமீட்டர் உயர வேறுபாடு வேண்டும். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டும் முறை இங்குதான் இடறுகிறது. பசையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை தரையை உயர்த்தும். வாசற்படியின் தாழ்வு அந்த அளவுக்குக் குறைந்து, நீர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். கீழே உள்ள பழைய கசிவும் அப்படியே இருக்கும். கசிவே இல்லாத, வெறும் அழகுக்கான புதுப்பிப்பு என்றால் மட்டும் இம்முறையை எண்ணிப் பார்க்கலாம்.

வடிகாலின் இடமும் டைல்ஸின் அளவும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை. வடிகால் நடுவில் இருந்தால் தரை நான்கு பக்கமிருந்தும் சரிய வேண்டும். 60 சென்டிமீட்டர் டைல்ஸை மூலைவாக்கில் வெட்டாமல் அப்படிச் சரிக்க இயலாது. சிறிய டைல்ஸ் சரிவோடு எளிதில் இசையும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் சுவரோரம் நீளவாட்டு வடிகால் வைத்து, தரையை ஒரே பக்கமாகச் சரிக்கலாம்.

நஹானி டிராப் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் வடிகால் பொறியின் வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். சாக்கடை வாயுவும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்த நீரே. அதன் ஆழம் 50 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. உயரம் போதவில்லை என்று ஆழம் குறைந்த பொறியைப் பொருத்தினால், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வருவதற்குள் நீர் உலர்ந்து, அறை முழுவதும் நாற்றம் பரவும்.

வழுக்கல்

குளியல் தளத்தில் கெடக்கூடிய பொருள்களில் விலைமதிப்பற்றது மனித இடுப்பெலும்பு. முதியோர் இருக்கும் வீட்டில் இந்தப் பகுதியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகப் படிக்கலாம்.

டைல்ஸ் கடைகளில் ஆர்10, ஆர்11 என்று ஒரு குறியீடு சொல்லப்படும். இது ஜெர்மனியின் டின் 51130 தரத்திலிருந்து வந்தது. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணி அணிந்த ஒருவர் நடந்து காட்டும் சோதனையில் கிடைப்பது. தொழிற்கூடத் தரைக்கு அது பொருந்தும். குளியலறையில் நடப்பது வெறுங்கால். எண்ணெய்க்குப் பதில் சோப்பு நீர். அதற்கென்றே டின் 51097 என்ற வேறொரு தரம் வகுக்கப்பட்டது. வெறுங்காலுடன், சோப்பு நீர் ஓடும் சாய்தளத்தில் சோதித்து ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். ஏ வகுப்பு 12 பாகைச் சாய்வையும், பி வகுப்பு 18 பாகையையும், சி வகுப்பு 24 பாகையையும் தாங்க வேண்டும். ஷவர் பகுதிக்குச் சொல்லப்படுவது பி. கடைக்காரர் ஆர் எண்ணை மட்டும் சொன்னால், டைல்ஸை நனைத்து, சோப்பைத் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரவேற்பறைக்கு வாங்கி மிஞ்சிய பளபளப்பான டைல்ஸைக் குளியலறையில் ஒட்டும் சிக்கனத்தை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது.

இடுக்குகள் மிகுந்த சிறிய டைல்ஸ் கால் பிடிப்புக்கு உதவும். மிகவும் சொரசொரப்பான பரப்பில் அழுக்கு தங்கும்; எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் அந்த அழுக்கே வழுக்கும். ஆகவே சொரசொரப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் அடிக்கடி தேய்த்துக் கழுவவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியோ நடைச்சட்டமோ பயன்படுத்துபவர் இருந்தால் விளிம்பு உயர்ந்த தட்டு முற்றிலும் பொருந்தாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான தரம், சக்கர நாற்காலியோடு நுழையும் ஷவருக்கு வாசல் விளிம்பு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. விளிம்பு இல்லாமல் நீரைத் தடுக்க, வாசலோரம் நீளவாட்டு வடிகால் வைக்கலாம். பிடிமானக் கம்பி உடனே வேண்டாம் என்றாலும், அது பொருத்தப்படும் சுவரை இப்போதே திடமாகக் கட்டி, இடத்தைக் குறித்து வைப்பது நல்லது. பின்னாளில் கண்ட இடத்தில் துளையிட்டால் நீர்த்தடுப்புப் படலம் துளைபடும்.

உப்பு நீரும் ஆசிட்டும்

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் தரையில் வெள்ளைப் படிவு ஏறும். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. அமிலம் படிவைக் கரைப்பது போலவே இடுக்கிலுள்ள சிமெண்டையும் கரைக்கும். பளிங்கையும் சுண்ணாம்புக்கல் வகையான கடப்பா கல்லையும் அரிக்கும். ஆசிட் பழக்கத்தை விட முடியாத வீட்டுக்கு டைல்ஸோ, தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ நல்லது. இடுக்குகளுக்கு எபாக்சி பூச்சு வேண்டும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு வெளிப்படும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் கட்டிப் பார்த்தல்

சிங்கப்பூரின் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம், புதிய அடுக்குமாடி வீடுகளின் குளியலறைத் தரையையும் சுவரையும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு உடைக்க அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே போடப்பட்ட நீர்த்தடுப்பு சேதமடையக் கூடாது என்பதே நோக்கம். இங்குள்ள குடியிருப்புகளில் அந்தக் காவலை வீட்டுக்காரரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்து, வாசலில் கலவையால் சிறு வரப்பு கட்டி, சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்ப வேண்டும். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். 48 மணி நேரம் விட்டால் இன்னும் தெளிவு. கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் கூரையையும் பார்த்துவர வேண்டும். ஆவியாகி மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. கோடு தெளிவாக இறங்கியிருந்தால் முதலில் வடிகால் அடைப்பை மாற்றி மீண்டும் பார்க்க வேண்டும். மறுபடியும் இறங்கினால் பழுது படலத்தில். இந்த நிலையில் ஒரு கை பூச்சோடு அதைச் சரிசெய்துவிடலாம். வேலை ஒப்பந்தத்தில் இந்தச் சோதனைக்கான நாள்களைத் தனியாக எழுதி, டைல்ஸ் ஒட்டும் கூலியைச் சோதனை முடிந்த பின்னரே தருவதாகப் பேசிக்கொள்வது வழக்கமாக இருந்தால், அவசரப்படுத்தும் மேஸ்திரியும் இரண்டு நாள் காத்திருப்பார்.