பேத்தியா, சுத்தமா?

பார்சிலோனா நகரத்தில் பலருக்கு கத்தலான், ஸ்பானிஷ் இரண்டு மொழிகளுமே தண்ணீர் பட்ட பாடு. ஆனால், கத்தலானில் ‘நெத்தா’ என்ற சொல்லைக் காதில் போட்டால் அவர்களில் ஒரு சாரார் தடுமாறிவிடுகிறார்கள். எகரத்தை வாய் ஒடுக்கிச் சொன்னால் பேத்தி. சற்று அகலத் திறந்தால் ‘சுத்தமான’ என்று பொருள். ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்துதான், எகரம் ஒன்றுதான். கத்தலானில் அது இரண்டு.

ஆய்வாளர் நூரியா செபாஸ்தியான் கால்யெஸ் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் சோதிக்கப்பட்டவர்கள், ஸ்பானிஷ் மட்டுமே பேசிய வீடுகளில் பிறந்து, ஆறு வயதுக்குள் கத்தலானுக்கு வந்தவர்கள். பல ஆண்டுகளாக அந்த மொழியில் புழங்கியும் இரண்டு எகரங்கள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. 2001-இல் இன்னும் நுணுக்கமான சோதனை. காதில் விழுவது சொல்தானா என்று கேட்கும்போது, முன்பு கேட்ட சொல்லே திரும்ப வந்தால் யாராக இருந்தாலும் சட்டென்று பதில் சொல்வோம். இவர்களோ பேத்திக்குப் பிறகு ‘சுத்தமான’ வந்தாலும் அதே வேகத்தில் பதிலளித்தார்கள். மனத்துக்குள் இரண்டும் ஒரே சொல்லாகவே பதிந்திருந்தன.

கைக்குழந்தைகளின் கதை வேறு. நான்கு மாதத்தில் எந்த வீட்டுக் குழந்தையும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறது. இருமொழி வீட்டுக் குழந்தை எட்டாம் மாதத்தில் கோட்டைவிட்டு, பன்னிரண்டில் மீட்டுக்கொள்கிறது என்றது 2003-இல் வந்த ஆய்வு. இரண்டு மொழி குழப்பும் என்பவர்களுக்கு இது அவல்! ஆனால் 2011-இல் அதே ஊர் ஆய்வாளர்கள் சோதனை முறையை மாற்றினார்கள். ஒரு ஒலிக்குத் திரையின் இடப்பக்கம் பொம்மை வரும், மற்றதற்கு வலப்பக்கம். எட்டு மாத இருமொழிக் குழந்தைகள் பொம்மை வருமுன்பே சரியான பக்கம் பார்த்தன. கோளாறு காதில் இல்லை, பழைய சோதனையில்தான்.

ஆனால் வீட்டில் புழங்காத ஒலி வேறுபாடு உண்மையிலேயே மங்கிவிடும்; நம் ‘பட்டு’, ‘பத்து’ வேறுபாட்டுக்கும் அந்தக் கதிதான். இந்தியின் ட, த ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகள் எட்டு மாதம்வரை பிரித்தறிகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானவை இழந்துவிடுகின்றன என்று கனடாவின் ஜேனட் வெர்க்கர் 1984-லேயே காட்டினார்.

பெரியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அமெரிக்காவில் டேவிட் பிசோனி குழுவினர், ஆங்கில ர, ல ஒலிகளில் குழம்பும் ஜப்பானியர்களுக்குப் பயிற்சி தந்து முன்னேற்றம் கண்டார்கள். மாதங்கள் கழிந்தும் பலன் நிலைத்திருந்தது. ஆனால் ஒரே ஆளின் குரலில் பயின்றவர்களுக்குப் புதுக் குரல் வந்ததும் அது கைகொடுக்கவில்லை. எனவே, நடுவயதில் ஒரு மொழி கற்கத் தொடங்குபவர்கள் ஒரே ஆசிரியரின் ஒலிப்பதிவோடு நின்றுவிடாதீர்கள். பலர் பேசக் கேளுங்கள்.