ஒரு சக்கரம் மட்டும் சுட்டது ஏன்?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

என் தந்தையார் வேன் ஓட்டுநர். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற விடுமுறையில் அந்த வேனின் பிரேக்கை இருவரும் வீட்டு வாசலில் பிரித்தோம். ஏட்டில் படித்த பாஸ்கல் விதியை அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், சக்கரத்திலுள்ள பிஸ்டனின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விசை ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. காலிபர் என்னும் இடுக்கிக்குள் இருக்கும் அந்தப் பிஸ்டன், பேடுகளைச் சுழலும் வட்டின் மீது அழுத்துகிறது.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? அங்கே சுருள்வில் ஏதும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுக ரப்பர் வளையமே அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னேறும்போது வளையம் சற்றே வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. துரு ஏறி இறுகிய பிஸ்டனை இழுக்க அதற்கு வலுவில்லை. பேட் ஓயாமல் உரசும்.

“ஏன் கண்ணு, வலது சக்கரம் மட்டும் இப்படிச் சுடுது?” என்றார் தந்தையார். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துச் சுற்றினோம். சக்கரம் இறுகி நின்றது. காற்று எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தினோம். உடனே விடுபட்டால் ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ அழுத்தம் தேங்கியிருக்கிறது என்று பொருள். விடுபடவில்லை. காலிபர் நகரும் பின்களும் தடையின்றி ஓடின. எஞ்சியது பிஸ்டன்தான்.

“உள்ளே தள்ளிப் புது பேட் மாட்டிரலாம். விடிஞ்சா லோடு இருக்குது” என்றார் அவர். நான் கணக்குப் போட்டேன். ஒரு டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படும். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தாழ்ந்த கியரில் எஞ்சின் ஒரு பங்கைத் தாங்கினாலும், மீதி பிரேக்கின் தலையில்தான் விழும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரியாகத் தாழ்கிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது.

“பாதி இறக்கத்துலயே திரும்ப இறுகிரும், வேண்டாமுங்கப்பா” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், லோடு வராது என்று போன் செய்தார். ஒரு நாள் வாடகை போயிற்று.

ஹோஸைக் கழற்றாமல், காலிபரின் வாயில் பலகைத் துண்டு வைத்து, விரல்களை விலக்கிக்கொண்டு மிதியை மெல்ல மிதித்தோம். எண்ணெயின் அழுத்தமே பிஸ்டனை வெளியே தள்ளியது. ரப்பர் வளையம் படியும் இடத்திலேயே துருக்குழிகள்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி போகாது. எனவே பிஸ்டனையும் ரப்பர் செட்டையும் புதிதாக வாங்கினோம். மண்ணெண்ணெய் ரப்பரை உப்பச் செய்யும் என்பதால் புதுப் பிரேக் ஆயிலாலேயே காலிபரைத் துடைத்துப் பூட்டினோம். காற்று எடுத்து, மிதி கெட்டிப்படும் வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்தினோம்.

ஒன்றை மறைக்கலாகாது. பரணில் ஓராண்டாகத் திறந்து கிடந்த அரை பாட்டில் ஆயிலை முன்பு வண்டியில் ஊற்றியவன் நானே. சிக்கனம் என்று எண்ணி ஈரத்தை ஊற்றியிருக்கிறேன்! நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியிலும் பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்லுங்கள். முத்திரை பிரிக்காத பாட்டிலையே வாங்குங்கள்.

அடுத்த நாள் வால்பாறையிலிருந்து இறங்கிய தந்தையார், ஆழியாற்றில் நிறுத்தி இரு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: “ரெண்டும் ஒரே சூடு, கண்ணு.”