அரைத்த மாவும் ஒரு சிட்டிகை உப்பும்

"கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் பழையதைச் சொல்லாமல் புதிதாக வைக்கச் சொல்கிறார்களே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழையது அவர்களிடம் இல்லை என்பதால்தான். இருக்கவும் கூடாது.

ஆட்டுக்கல்லில் அம்மா உளுந்து அரைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாவிலிருந்து உளுந்தைத் திரும்ப எடுக்க முடியாது. முறையான மென்பொருளும் உங்கள் கடவுச்சொல்லை அரைத்து மாவை மட்டுமே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் தட்டுவதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். இந்த மாவுக்கு 'ஹேஷ்' என்று பெயர்.

1966இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணினியில் ஒரு கோப்புக் குழப்பம். உள்நுழைபவர்களுக்கு அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வந்தன. அரைக்காமல் அப்படியே வைத்திருந்ததன் விளைவு அது.

அரைத்தால் மட்டும் போதாது. இருவர் ஒரே சொல்லை வைத்தால் மாவும் ஒன்றாகிவிடும். திருடன் பிரபலமான சொற்களை முன்கூட்டியே அரைத்து வைத்து ஒப்பிட்டுவிடுவான். அதனால் ஒவ்வொருவர் சொல்லோடும் வேறுவேறு எழுத்துகளைக் கலந்து அரைக்கிறார்கள். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979இல் இதை விளக்கி எழுதினார்கள். கலக்கும் எழுத்துகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'!

எனக்கு மிகவும் பிடித்த கதை இனிமேல்தான். அவர்கள் காலத்து யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூலநிரலோடு பழைய கடவுச்சொல் கோப்பு ஒன்றும் கிடந்தது. ஆர்வலர்கள் அதை உடைக்கத் தொடங்கினார்கள். தாம்ஸனின் சக பணியாளர் பிரையன் கெர்னிகன் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று குறிகளையே மாற்றி மாற்றித் தட்டியிருந்தார். அது சிக்கிவிட்டது. தாம்ஸனுடையது 2019 வரை அசையவில்லை. கடைசியில் பார்த்தால், ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கக் குறிப்பு! 'பெல்' (Belle) என்ற சதுரங்க இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் வேறெதை வைப்பார்?

தாம்ஸனின் அந்த எட்டெழுத்துக் கடவுச்சொல் இன்றைய கணினிகளின் வேகத்துக்குத் தாங்காது. அதனால்தான் இப்போது வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் 'பிகிரிப்ட்', 'ஆர்கான்2' போன்ற முறைகள் வந்திருக்கின்றன. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அலுவலகம் என் பழைய கடவுச்சொல்லை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ட வழியைக்கூடப் பின்பற்றாதது மன்னிக்க முடியாத அலட்சியம்.

உங்களுக்கும் அப்படி ஒரு அஞ்சல் வந்தால் அந்தச் சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள். வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அனுப்பியவர்களுக்கும், "ஏன் அரைக்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்.