குடிக்காதவருக்கும் ஒரு கோப்பை

விருந்துகளில் மது தொடாதவர் கைக்கு வந்து சேருவது கேஸ் போன கோலா. எலுமிச்சை, புதினா, சோடா மூன்றும் கூடினால் இந்தக் குறை தீரும். செலவும் குறைவு.

தீபாவளிக்கு முந்தைய வாரம். தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சீட்டாட்ட இரவுகள் களைகட்டும் நேரம். கூடத்தின் ஒரு மூலையில் மேஜை. அதன் மேல் வரிசையாகப் பாட்டில்கள், பளபளக்கும் கண்ணாடிக் கோப்பைகள், வாளி நிறைய ஐஸ். உங்களுக்கு என்ன ஊற்றட்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வருகிறார் வீட்டுக்காரர். எனக்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் ஒரு சின்ன மௌனம். பிறகு சமையலறைப் பக்கம் குரல் போகிறது. குழந்தைகளுக்காக மதியமே திறந்து வைத்த பெரிய பாட்டிலில் மிச்சமிருக்கும் கோலா, காகிதக் கோப்பையில் வருகிறது. அவ்வளவுதான் உபசாரம்.

குடியை விட்டு மூன்று வருடமான நண்பர் ஒருவர் இத்தகைய விருந்துகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போதையின் இழுப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், கையில் காகிதக் கோப்பையோடு நிற்பதுதான் முடியவில்லை என்பது அவர் கட்சி. அந்தக் கோப்பையைப் பார்த்த மறுகணமே, ஏன் விட்டீர்கள், டாக்டர் சொன்னாரா, இன்று ஒரு நாள் மட்டும் என்று விசாரணை தொடங்கிவிடும். கர்ப்பிணிக்கும், மாத்திரை சாப்பிடுபவருக்கும், வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியவருக்கும், பழக்கமே இல்லாதவருக்கும் இதே கதிதான்.

விசித்திரம் என்னவென்றால், இவர்கள்தான் பெரும்பான்மை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் மது அருந்துவோர் சுமார் 19 சதவீதம். பெண்களில் 1.3 சதவீதம். அதாவது ஐந்து ஆண்களில் நான்கு பேர் தொடுவதில்லை. ஆனால் நகரத்து விருந்து மேஜை அந்த ஐந்தாவது ஆளுக்காகத்தான் அலங்கரிக்கப்படுகிறது.

பீர்த் தொட்டியில் பிறந்த சோடா

மதுவுக்கு மாற்று என்று இன்று நாம் கைநீட்டும் சோடா பிறந்த இடம் ஒரு மது ஆலை. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசித்த ஜோசப் பிரீஸ்ட்லி, பக்கத்திலிருந்த பீர் ஆலையில் நொதித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்துப் பார்த்தார். தொட்டியிலிருந்து எழுந்த வாயு தண்ணீரில் கலந்தது. தண்ணீர் இதமாகச் சுரீரென்றது. செயற்கையாக அதைத் தயாரிக்கும் முறையை 1772இல் வெளியிட்டார். 1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார்.

வாயுவை அடைப்பது எளிது, அடைத்து வைப்பதுதான் கடினம். அதற்கு வழி கண்டவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற பாட்டிலின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். உள்ளே அடைபட்ட வாயு கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். தமிழ்நாட்டில் கோலி சோடா. தில்லியிலும் பஞ்சாபிலும் பண்ட்டா. பஞ்சாபியில் பண்ட்டா என்றாலே கோலிதான்.

கோடையில் சாந்தினி சவுக்கிலோ பல்கலைக்கழக வட்டாரத்திலோ நடந்தால் பண்ட்டா வண்டிகள் கண்ணில் படாமல் போகாது. கடைக்காரர் கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். கோலி உள்ளே விழும். நொறுக்கிய ஐஸ், எலுமிச்சைச் சாறு, கறுப்பு உப்பு, சீரக மசாலா. மேலே சோடா. நுரை பொங்கி வழியும்போதே நீட்டுவார். குடித்து முடிப்பவர் முகத்தில் தெரியும் திருப்தியை எந்தக் காகிதக் கோப்பைக் கோலாவும் தந்ததில்லை.

1960இல் தனி மாநிலமானதிலிருந்து மதுவிலக்கில் இருக்கும் குஜராத்தில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. அகமதாபாத்தில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சோடாக் கடைக்குப் போவார்கள். எலுமிச்சை, இஞ்சி, சீரகம், கருநாவல் என்று வகை வகையாகக் கேட்டு வாங்கி, கடைவாசலில் நின்றபடி பேசிக்கொண்டே குடிப்பார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே கோப்பையைக் கேட்கலாம். கொண்டாட்டத்துக்குப் போதை தேவையில்லை, ஆனால் ஒரு நல்ல கோப்பை கட்டாயம் தேவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எட்டுப் பேருக்கு

வீட்டில் செய்ய வேண்டியவை: சர்க்கரை 160 கிராம், எலுமிச்சை 8, ஆரஞ்சு 3, ஒரு கைப்பிடி புதினா, பத்துப் பதினைந்து துளசி இலை, கட்டைவிரல் அளவு இஞ்சி, கறுப்பு உப்பு அரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி, 750 மில்லி வெறும் சோடா 2 பாட்டில்.

முதல் நாளே பாகு தயாராகிவிட வேண்டும். ஒரு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு இவற்றின் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிக்கொள்ளவும். அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். சர்க்கரையில் 160 மில்லி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கவும். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடவும், கம்பிப் பதம் வேண்டியதில்லை. இறக்கிய பிறகுதான் தட்டிய இஞ்சி, சீவிய தோல், புதினா, துளசி எல்லாவற்றையும் போட வேண்டும். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் புதினாவின் மணம் ஆவியோடு போய்க் கஷாய வாடைதான் மிஞ்சும். 20 நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். ஒரு வாரம் தாங்கும்.

பாகைப் போல எலுமிச்சையை முதல் நாள் பிழிந்து வைக்கக் கூடாது. நேரம் ஆக ஆகச் சாற்றில் கசப்பு ஏறும். விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன் எலுமிச்சை, ஆரஞ்சு இரண்டையும் பிழிந்து, விதை நீக்கி, அந்தச் சாற்றிலேயே கறுப்பு உப்பையும் சீரகத்தையும் கரைத்துவிடவும்.

ஒரு கோப்பைக்கு ஐஸ், இரண்டு மேஜைக்கரண்டி பாகு, இரண்டரை மேஜைக்கரண்டி சாறு. கலக்கவும். அதன் பிறகு சோடாவைக் கோப்பையின் ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றவும். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகவும். கோப்பை வாயருகே வரும்போதே மணம் வந்துவிடும்.

ஏன் இந்த வரிசை? பண்ட்டா பொங்கி வழிவதற்குக் காரணம் உப்புத் தூள். சோடாவில் விழும் ஒவ்வொரு துகளும் வாயு குமிழாகத் திரளுவதற்கு ஓர் இடம். தெருவில் அது வேடிக்கை. வீட்டில் மேஜை விரிப்பு பாழாகும், கோப்பையில் சுரீரென்பதும் போய்விடும். உப்பு முன்பே கரைந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு விதி குளிர்ச்சி. 20 டிகிரித் தண்ணீர் தாங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வாயுவைப் பூஜ்ய டிகிரித் தண்ணீர் தாங்கும். வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மீது ஊற்றினால் கோப்பையில் மிஞ்சுவது எலுமிச்சை ரசம்தான். எனவே சோடா, பாகு, சாறு மூன்றும் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும்.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அளவில் ஒரு கோப்பைக்கு 20 கிராம் சர்க்கரை. கடையில் வாங்கும் 300 மில்லி கோலாவில் அது 30 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நீரிழிவுக்காரருக்குப் பாகையும் ஆரஞ்சையும் விட்டுவிட்டு, கசக்கிய புதினா, எலுமிச்சை, கறுப்பு உப்பு, சோடா போதும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பைக் குறைக்கலாம்.

ஊருக்கு ஊர் ஒரு வாசம்

எலுமிச்சை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தில்லிச் சந்தையில் காகிதம் போன்ற மெல்லிய தோலுள்ளது காகஸி. கொல்கத்தாவில் கந்தராஜ் என்ற எலுமிச்சையின் தோலில் நகம் பட்டாலே அறை மணக்கும். அங்கே சாற்றைவிடத் தோலுக்குத்தான் மதிப்பு. அசாமின் நீண்ட காஜி நேமு 2019இல் புவிசார் குறியீடு பெற்று, 2024இல் மாநிலப் பழமாகவே அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் பச்சைமிளகாயும் ஊறிய சப்ஜா விதையும் சேர்த்துக் குலுக்கிக் கொடுப்பது குலுக்கி சர்பத். குளிர்காலமானால் நாக்பூர் ஆரஞ்சு. தமிழ் வீடுகளில் நார்த்தை இலை கிடைத்தால் பாகில் இரண்டு போடலாம், நன்னாரி இருந்தால் சர்க்கரைப் பாகே தேவையில்லை. வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் ஐஸ் உறைய வைத்தால் கோப்பை கரையக் கரைய வாசம் கூடும்.

சில விஷயங்களில் மட்டும் புதுமை வேண்டாம். ஈஸ்ட் போட்டு வீட்டிலேயே வாயு ஏற்றும் முறைகள் உண்டு. ஈஸ்ட் வாயுவோடு சிறிது மதுவையும் உண்டாக்கும், மூடிய கண்ணாடிப் பாட்டில் வெடிக்கவும் கூடும். புகை கிளம்ப வேண்டும் என்று உலர்பனியைப் போடும் நாகரிகம் அதைவிட ஆபத்து. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், வாய்மணம் என்று நினைத்து உலர்பனியை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். தெருவில் வாங்கும் ஐஸும் சந்தேகத்துக்குரியதுதான். கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்ததே நல்லது.

கோலி உருள்கிறது

இந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒரு பிழைப்பும் இருக்கிறது. கோலி சோடாவுக்கு எதிரிகள் பலர். 1971இல் லிம்கா வந்தது. 1977இல் கொக்கோ கோலா வெளியேறியபோது கிடைத்த மூச்சு, அது 1993இல் திரும்பியதும் அடங்கியது. பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு, திருப்பி வாங்கிக் கழுவி நிரப்ப வேண்டிய கனத்த கண்ணாடிப் பாட்டில் சிறு தொழிலகங்களுக்குச் சுமையானது. பிறகு வரி. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது இனிப்புச் சேர்த்த சோடா பானங்களுக்கு 28 சதவீதமும் அதன் மேல் 12 சதவீத மேல்வரியும். 2019இல் சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்திலிருந்து சோடா தயாரிப்பாளர்கள் விலக்கப்பட்டார்கள். 2025 செப்டம்பரில் எல்லாம் சேர்ந்து 40 சதவீதம். பன்னாட்டுக் கம்பெனிக்கும் சந்துக்குள் இயந்திரம் வைத்திருப்பவருக்கும் ஒரே தராசு. அதே மாற்றத்தில் சர்க்கரையும் மணமும் சேராத வெறும் சோடாவுக்கு வரி 5 சதவீதமாக இறங்கியது. எலுமிச்சையும் பாகும் வீட்டிலிருந்து வரட்டும் என்று அரசே சொல்வது போலிருக்கிறது.

கோலி இன்னும் நின்றுவிடவில்லை. கோலி பாப் சோடா என்ற பெயரில் அது வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போவதாக 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. பிறந்த நாட்டுக்கே கோலி திரும்பியிருக்கிறது.

போன தீபாவளிக்கு அந்த நண்பரை வலிய அழைத்தோம். மேஜையில் வேறு எதுவும் வைக்கவில்லை. எட்டுக் கோப்பைக்கும் ஒரே பானம், ஒரே மாதிரிக் கண்ணாடி. குடிப்பவர்கள் இரண்டு பேர் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு இன்னொன்று கேட்டார்கள். நண்பர் இரவு பதினொன்று வரை சீட்டாடினார். ஏன் குடிப்பதில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அன்று யாருக்கும் அவசியமே ஏற்படவில்லை.